பொழிமுகத்துக் கணக்கு நோட்டு

எங்கள் குழுவிடம் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. நூறு பக்கம், கோடு போட்டது, உப்புநீர் பட்டு அட்டையின் ஓரம் ஊதிப்போனது. மாதம் ஒருமுறை கடற்கரையில் பொறுக்கியவற்றை அதில் எழுதி வைக்கிறோம்: செருப்பு எத்தனை, தண்ணீர் பாட்டில் எத்தனை, பால் கவர் எத்தனை, தெர்மோகோல் துண்டு எத்தனை, வலை எத்தனை கிலோ, மருந்துக் குப்பியும் ஊசியும் எத்தனை. ஆறு பத்திகள் போதும் என்றுதான் 2022 அக்டோபரில் தொடங்கினோம். ஏழாவது பத்தியை நான் பின்னால் பென்சிலால் கோடு கிழித்துச் சேர்த்தேன். அதன் தலைப்பு ‘எங்கிருந்து’. இங்கே எழுதப்போவது பெரும்பாலும் அந்த ஏழாவது பத்தியைப் பற்றித்தான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தாமிரபரணி என்றதும் திருநெல்வேலி ஞாபகம் வருபவர்களுக்கு: குமரி மாவட்டத்திலும் ஒரு தாமிரபரணி இருக்கிறது. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் ஒன்றாகி, குழித்துறையைத் தாண்டி, தேங்காப்பட்டணத்தில் கடலில் சேர்கின்றன. அந்தப் பொழிமுகத்துக்கு மேற்கே இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று எட்டு மீனவ ஊர்கள், ஒன்று முடிவதும் அடுத்தது தொடங்குவதும் வழிப்போக்கருக்குத் தெரியாத நெருக்கத்தில் வரிசையாக நிற்கின்றன. நீரோடியைத் தாண்டினால் பொழியூர், அது கேரளம். முன்னால் கடல், முதுகுக்குப் பின்னால் 1860-இல் திருவிதாங்கூர் அரசு வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். இரண்டுக்கும் நடுவே உள்ள மணல் துண்டில்தான் இத்தனை வீடுகளும் கோயில்களும் பள்ளிகளும். ஏ.வி.எம். கால்வாய் என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் அந்தக் கால்வாயில் ஒரு காலத்தில் வள்ளங்கள் போயின. இப்போது பல இடங்களில் ஆகாயத்தாமரையும் குப்பையும்தான் நகராமல் கிடக்கின்றன.

நாங்கள் வேலை செய்யும் கடற்கரை இந்த எட்டு ஊர்களில் ஒன்றின் உடையது. எது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அதுதான் ‘குப்பை ஊர்’ என்று ஒரு பெயர் நின்றுவிடும். அந்தப் பெயருக்கு அந்த ஊர் காரணமில்லை என்பதை நான் புரிந்துகொள்ள ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று.

நான் கடப்புறத்துக்காரன் அல்லன். குழித்துறைக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையிலிருந்து கூப்பிடு தொலைவில் வீடு. ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. எங்கள் குழுவில் அநேகம் பேர் இப்படிப்பட்ட மேட்டுப்பகுதிக்காரர்கள்தான்: ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற ஓர் அஞ்சல்காரர், கல்லூரிப் பிள்ளைகள், மார்த்தாண்டத்தில் கடை வைத்திருக்கும் இருவர். முதல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முப்பது பேர் ஒரே நிறத்தில் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு இறங்கினோம். பெரிய ஃபிளெக்ஸ் ஒன்றைக் கட்டி, அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டோம். பத்தரை மணி வரை பொறுக்கினோம். ஊரார் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. வீடு திரும்பும் வழியிலேயே வாட்ஸ்அப்பில், ‘நம்ம குப்பையா இது? அவர்கள் ஊரை அவர்களே பார்க்கவில்லையென்றால் நாம் என்ன செய்ய முடியும்?’ என்ற தொனியில் செய்திகள் வரத் தொடங்கின. அவற்றில் ஒன்றை எழுதியவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த ஊர் முழுவதும் திருப்பலியில் இருக்கும் என்பது முப்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடலுக்குப் போகாத நாள் அது ஒன்றுதான். பூசை, மறைக்கல்வி, அதன்பின் வலை பொத்தல், சொந்தபந்தம் என்று அந்த நாள் அவர்களுக்கு ஏற்கெனவே நிறைந்துபோன நாள். பங்குத்தந்தையைப் பார்த்துப் பேசிய பிறகு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மாற்றிக்கொண்டோம். அவர் முந்தின ஞாயிறு பூசை முடிவில் அறிவிப்பு வாசித்தார். அடுத்த சனிக்கிழமை எங்களைவிட ஊர்ப் பிள்ளைகள்தான் அதிகம். ஒரு நேரத்தை மாற்ற வேண்டியிருந்தது. அதற்குள் ஓர் ஊரின் குணத்தைப் பற்றித் தீர்ப்பே எழுதிவிட்டோம். அந்த வாட்ஸ்அப் செய்தியை நான் பிற்பாடு அழித்தேன். படித்தவர்கள் படித்திருப்பார்கள்.

அந்த முதல் நாளில் செய்த தவறுகள் இன்னும் இரண்டு. மணலில் பாதி புதைந்து கிடந்த பழைய கயிற்றையும், அதனோடு கட்டியிருந்த மரத்துண்டுகளையும் நான்கு பேர் சேர்ந்து இழுத்துச் சாக்குகளோடு போட்டுவிட்டோம். அடுத்த முறை போனபோது வயதான ஒருவர், எழுபதைத் தாண்டியிருக்கும், எங்களைத் தேடி வந்தார். கோபத்தைக் குரலில் காட்டவில்லை.

“சாரே, அது குப்பையில்ல. எங்க கரமடிக் கயிறு. காயப் போட்டிருந்தது.”

கரமடி என்பது கரையில் நின்று ஊரே சேர்ந்து இழுக்கும் பெரிய வலை. அதன் கயிற்றின் விலையையும், அது இல்லாமல் நின்றுபோன இரண்டு நாள் வேலையையும் அவர் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற மீன்காரி மைனி சொன்னார். நாங்கள் எல்லாரும் கைப்பணம் போட்டுக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். அன்று முதல் அவர் எங்களுக்குப் பாட்டா. எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் அவருடையது. சுத்தம் பார்க்க வந்தவன் கண்ணுக்கு மணலில் கிடப்பதெல்லாம் குப்பை. அங்கே பிழைப்பவருக்கு அந்த மணல் களம், பட்டறை, கிட்டங்கி எல்லாமும்.

இரண்டாவது தவறு அடம்பு. மணல்மேட்டில் படர்ந்து கிடந்த கொடியைக் களை என்று நினைத்துப் பிள்ளைகள் பிடுங்கிக் குவித்துவிட்டார்கள். இடம் ‘நீட்டாக’ இருக்க வேண்டுமாம். சங்கப் பாடல்களின் நெய்தல் நிலமெங்கும் பூத்துக் கிடக்கும் அதே அடும்பு. மணலைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கொடியின் வேர்தான். கடல் வருடந்தோறும் கரையைத் தின்றுகொண்டிருக்கும் ஊரில் போய் அதைப் பிடுங்கிய நூலகனுக்கு அந்தப் பாடல்களை அடுக்கி வைத்த பெருமை மட்டும்தான் மிச்சம். இப்போது அந்த மேட்டில் சற்றுத் தழைத்திருக்கிறது. நாங்கள் அதற்குச் செய்த உதவி, அந்தப் பக்கம் போகாமலிருந்ததுதான்.

எண்ணி எழுதும் பழக்கம் எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 1986-இல் அமெரிக்காவின் டெக்சஸ் கரையில் தொடங்கிய சர்வதேசக் கடற்கரைத் தூய்மை நாளிலேயே, பொறுக்குபவர்கள் எதை எத்தனை பொறுக்கினோம் என்று அட்டையில் குறிக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் மூன்றாவது சனிக்கிழமை அது உலகெங்கும் நடக்கிறது. இந்தியாவில் 2006 முதல் கடலோரக் காவல்படை ஒருங்கிணைக்கிறது. அந்த நாளில் மட்டும் கடற்கரைக்கு வந்து போகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். ஆனால் வருடத்தில் ஒரு நாள் எண்ணினால் அந்த ஒரு நாள் கடல் எதைத் தள்ளியது என்று மட்டும்தான் தெரியும். மாதாமாதம் எண்ணும்போதுதான் குப்பைக்கும் பருவம் உண்டு என்பது புரிகிறது.

அதற்கு முன்னால் சாக்குகளின் கதையைச் சொல்லவேண்டும், ஏனென்றால் பொறுக்குவது இந்த வேலையில் ஆக எளிதான பகுதி. இரண்டாவது மாதம் நாற்பத்தொரு சாக்கு கட்டி, சாலையோரம் அடுக்கி, வண்டி வரும் என்ற உறுதிமொழியை நம்பி வீட்டுக்குப் போனோம். எட்டு நாள் வண்டி வரவில்லை. நாய்கள் சாக்கைக் கிழித்தன. ஒன்பதாம் நாள் கடல் சாலை வரைக்கும் ஏறி, நாங்கள் எடுத்ததில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. யார் வண்டி, ஏன் வரவில்லை என்பதை இங்கே கிளறவில்லை. பிறகு அவர்களிடமும் எங்களிடமும் ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. ஆனால் அந்த எட்டு நாளில் ஊர்க்காரர்கள் எங்களைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்பதை, முதல் மாதம் நாங்கள் அவர்களைப் பற்றிப் பேசியதை வைத்து ஊகிக்க முடிகிறது.

அதன்பின் வண்டியை முதலில் பேசிவிட்டுத்தான் சாக்கைக் கையில் எடுக்கிறோம். பிரிக்கும் வேலையும் கரையிலேயே நடக்கிறது. பழைய சாமான் வாங்கும் ஆக்கர்கடைக்காரர் தண்ணீர் பாட்டிலை வாங்குவார், ஆனால் மணல் உதறி, மூடி கழற்றி, நசுக்கிக் கொடுக்கவேண்டும். கடலில் ஒரு வருடம் கிடந்து வெயிலில் பொடிந்துபோன பாட்டிலை அவரும் தொடமாட்டார். பால் கவர் நன்றாக இருந்தால் எடை போடுவார். செருப்பு, தெர்மோகோல், உள்ளே வெள்ளித்தாள் மினுங்கும் தின்பண்ட உறை ஆகிய மூன்றுக்கும் அவரிடம் விலை கிடையாது, எங்களிடம் வழியும் கிடையாது. வண்டியில் போய் எங்கோ ஒரு சிமென்ட் ஆலை உலையில் எரிபொருளாக முடிந்தால் அது நல்ல முடிவு. குழந்தைகளுக்குக் கட்டும் டயாபர் தனி. கடல்நீரைக் குடித்து, மணலையும் குடித்து, ஒன்று இரண்டு கிலோ கனத்துக்கு ஊதிக் கிடக்கும். எங்கள் குழுவில் அதை எடுக்க முகம் சுளிக்காதவர் அந்த ஓய்வுபெற்ற அஞ்சல்காரர் ஒருவர்தான். அவர் பேரனுக்கு இப்போது துணிதான்.

மணலில் கிடப்பதைக் குனிந்து எடுத்துவிடலாம். பாறைக்குள் போனதுதான் பாடு. இந்தக் கரையில் மணல் இருக்கும் இடம் குறைவு. கடலரிப்புக்குத் தடுப்பாகக் கொட்டிய பெருங்கற்களும், கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளும்தான் பெரும்பகுதி. அலை கொண்டுவரும் குப்பை அந்தக் கற்களின் இடுக்கில் சொருகிக்கொள்ளும். அதிலும் தங்கூசி என்னும் நைலான் இழை வலை. ஓர் இடுக்கில் வெளியே நான்கு விரல் நீளத்துக்குப் பச்சை இழை தெரிந்தது, இழுத்தால் வரவில்லை. ஒரு பையன் வயிற்றைக் கல்லில் அழுத்திப் படுத்துக் கையை உள்ளே விட்டு வெட்டோத்தி என்னும் அரிவாளால் அறுக்க அறுக்க, அது ஒரு முழ வலையாகி, ஒரு பாக வலையாகி, ஒரு மூங்கில் கழியையும் இரண்டு செருப்பையும் ஒரு பொம்மைத் தலையையும் உயிரோடிருந்த ஏழெட்டு நண்டுகளையும் சேர்த்துக்கொண்டு வெளியே வந்தது. ஒன்றேகால் மணி நேரம். எடை பதினான்கு கிலோ. வலை இழையை அறுத்து நண்டுகளை ஒவ்வொன்றாக விடுவித்தவர் பாட்டா; அவர் விரல்கள் வலை இழையைத் தொடும் விதத்தில், முடிச்சு எங்கே இருக்கும் என்று கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.

வலை விஷயத்தில் மீனவர்களுக்குப் பங்கில்லை என்று சொல்லமாட்டேன். கிழிந்த துண்டைக் கடலிலேயே விடும் வழக்கம் இருக்கிறது, பாட்டாவே ஒப்புக்கொள்வார். பருத்தி, சணல் காலத்துப் பழக்கம் அது. அந்த வலை மக்கிப் போகும், இது மக்காது. ஆனால் திருப்பிக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டாமா? கேரளத்தில் 2017-இல் கொல்லம் நீண்டகரையில் ‘சுசித்வ சாகரம்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். வலையில் மீனோடு ஏறும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கடலில் வீசாமல் படகுக்காரர்கள் துறைமுகத்துக்குக் கொண்டுவர, அங்கே அதைக் கழுவி அரைத்துச் சாலைத் தாரோடு கலக்கக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்க்கும் வித்தை மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவனுடையது. 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். வித்தை நம்முடையது, கடலிலிருந்து எடுத்துவரும் ஏற்பாடு அண்டை மாநிலத்தினுடையது. எல்லையில் வாழ்பவனுக்கு இந்த மாதிரிக் கணக்குகளைப் போட்டுக்கொண்டே இருக்கும் வியாதி உண்டு.

அந்த வியாதிதான் ஏழாவது பத்தியைக் கொண்டுவந்தது. 2023 ஜூன், ஜூலையில் பொறுக்கியபோது பால் கவர், மிட்டாய் உறை, மருந்து அட்டை என்று கையில் வந்ததில் பெரும்பாலும் மலையாள எழுத்து. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு மலையாளம் படிக்கத் தெரியும், உரக்கப் படித்தார்கள். உடனே பேச்சு மாறிவிட்டது. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை வழியாக இரவில் வரும் கோழிக்கழிவு லாரிகளைப் பற்றி மேட்டுப்பகுதியில் ஏற்கெனவே கோபம் உண்டு. பின்னொரு காலத்தில், 2024 டிசம்பரில், திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்ட கேரள மருத்துவக் கழிவு, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டபின் லாரிகளில் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டபோது எங்கள் குழுவில் பட்டாசு வெடிக்காத குறைதான். ‘கடலுக்கும் ஒரு செக்போஸ்ட் போடவேண்டும்’ என்றான் ஒருவன். நான் அந்த 2023-இன் உற்சாகத்தில்தான் ஏழாவது பத்திக்குக் கோடு கிழித்தேன்: கேரளம் எத்தனை, தமிழ்நாடு எத்தனை.

பாட்டா நோட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஆனி ஆடியில வாறது மேக்க உள்ள சாமானம். நீவாடு அப்படித்தான் இழுக்கும். ஐப்பசி கார்த்திகையில வந்து எண்ணும் மக்கா. அது உங்க ஊரு சாமானம்.”

தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் மேற்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும். வடகிழக்குப் பருவம் வந்ததும் திரும்பி வடக்கு நோக்கி ஓடும். கடலியல் புத்தகத்தில் படமாகப் போட்டிருப்பதை நான் நூலகத்தில் போய்த் தேடி உறுதி செய்துகொண்டேன். பாட்டாவுக்கு அது வலை எறியும் கணக்கு. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசி மழையில் தாமிரபரணி செம்மண் நிறத்தில் இரு கரையும் தொட்டு வரும்போது, மூவாற்றுமுகத்திலிருந்து குழித்துறை வரை ஆற்றோரத்தில் ஒதுங்கிக் கிடந்தது அத்தனையும் பொழிமுகத்துக்கு வந்து, அங்கிருந்து மேற்கே திரும்பி, நேராக இந்த எட்டு ஊர்களின் வாசலில் போய் விழுகிறது.

நவம்பரில் எண்ணினோம். செம்மண் படிந்த பைகள். துணிக்கடைப் பை, பேக்கரிப் பை, கல்யாண மண்டபங்களில் இலைக்குப் பக்கத்தில் வைக்கும் கால் லிட்டர் தண்ணீர் பாட்டில். கோழிக்கடைக் கறுப்புப் பை, வாய் முடிந்தபடி, உள்ளே இருந்தது உள்ளேயே. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்தே தமிழ்நாட்டில் தடையில் உள்ள பைகள் இவை. எழுத்தெல்லாம் தமிழ். ஒரு மஞ்சள் பையில் எங்கள் தெரு மளிகைக்கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தது. அந்தக் கடையில் நான் பற்று வைத்திருக்கிறேன். அதைக் கழுவி, காயவைத்து, மறுநாள் கடைக்காரரிடம் காட்டினேன். சிரித்தார். “அண்ணாச்சி, இது உங்க வீட்டுக்கு வந்ததாட்டுக் கூட இருக்கும்” என்றார். மறுக்க என்னிடம் ஆதாரம் எதுவுமில்லை. பத்தியில் ‘தமிழ்நாடு’ என்று எழுதப் போனவன், அதை அடித்துவிட்டுத் தெருப் பெயரை எழுதினேன்.

அதே வாரம் தூண்டில் வளைவின் கல் இடுக்கிலிருந்து, சுருண்டு நார்நாராகப் பிரிந்த ஃபிளெக்ஸ் ஒன்றை உருவி எடுத்தோம். விரித்துப் பார்த்தால், முந்தின வருடம் நாங்களே கட்டிய எங்கள் தொடக்க விழா ஃபிளெக்ஸ். ‘கடலைக் காப்போம்’ என்பதில் ‘காப்போம்’ மட்டும் வாசிக்கும்படி இருந்தது. யார் அவிழ்த்தார்கள், எப்போது காற்றில் போனது என்று ஒருவருக்கும் நினைவில்லை. கட்டியதோடு எல்லாரும் மறந்துவிட்டோம். நோட்டில் ஏழாவது பத்தியில் ‘நாங்கள்’ என்று ஒரு பெண் எழுதினாள். அதற்குப் பிறகு நாங்கள் ஃபிளெக்ஸ் அடிப்பதில்லை.

பிறகு 2025 வந்தது. மே 24-ஆம் தேதி, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த ‘எல்சா 3’ என்ற லைபீரியக் கொடி தாங்கிய சரக்குக் கப்பல் கேரளக் கரைக்கு அப்பால் சாய்ந்து, மறுநாள் மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். 640 கன்டெய்னர்கள், அவற்றில் 13-இல் அபாயகரமான சரக்கு, அதிலும் 12-இல் கால்சியம் கார்பைடு என்று செய்தி வந்தபோது எல்லாரும் வெடிக்கும், எரியும் என்றுதான் பயந்தார்கள். எங்கள் கரைக்கு வந்தது வேறு. சில நாட்களில் அலைக்கோட்டில் வெள்ளையாக ஒரு விளிம்பு தெரிந்தது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் நுரை என்று நினைத்தார்கள். நுரை வற்றிப்போகும், இது வற்றவில்லை. மைனி ஒரு கைப்பிடி அள்ளி வந்து, “இது என்னது சாரே, சவ்வரிசி மாதிரி?” என்றார்.

நர்டில் என்கிறார்கள்; பிளாஸ்டிக் குருணை என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். வாளி, குடம், நாற்காலி, பால் கவர் எதுவானாலும், ஆலைக்கு மூலப்பொருளாகப் போவது இந்த இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர் மணிதான். அதை உருக்கித்தான் வேண்டிய உருவத்துக்கு வார்க்கிறார்கள். 2021-இல் கொழும்புக்கு அருகே ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ கப்பல் எரிந்து மூழ்கியபோது சுமார் 1,680 டன் குருணை இலங்கைக் கரையில் கொட்டியது. மீன்முட்டை என்று நினைத்து மீனும் பறவையும் தின்னும் அளவு, நிறம், மிதப்பு எல்லாம் அதற்கு உண்டு.

இரண்டரை வருடமாக நாங்கள் கற்ற எதுவும் இதற்கு உதவவில்லை. சாக்கில் போட்டால் பின்னலின் கண்ணிலேயே ஒழுகும். மண்வெட்டியால் அள்ளினால் கரையே இல்லாத ஊரின் மணலையும் சேர்த்து அள்ள வேண்டியதாகும். மாவட்ட நிர்வாகம் அனுப்பிய தூய்மைப் பணியாளர்களும் நாங்களும் முதல் நாள் கையால் பொறுக்கியே களைத்தோம். வழி கண்டவர்கள் ஊர்ப் பெண்கள். புட்டுமாவு அரிக்கும் அரிப்பைக் கொண்டுவந்து காய்ந்த மணலை அரித்தார்கள். மணல் கீழே இறங்க, குருணை மேலே நிற்கும். ஈர மணலுக்கு அது ஆகாது. அதை ஒரு வாளிக் கடல்நீரில் கொட்டிக் கையால் கலக்கினால் மணல் அடியில் போய்விடும். தண்ணீரைவிட இலேசான குருணை மேலே வந்து ஆடும். சாயா அரிப்பால் ஏடு எடுப்பது போல வழித்து எடுக்கலாம். விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால் ஆண்களும் வீட்டில் இருந்தார்கள். அவர்கள் வாளி சுமந்தார்கள். ஆனி மாதக் கடல், மேலே ஏறி அடிக்கும். ஒரு திட்டைச் சுத்தம் செய்து நிமிர்ந்தால் அடுத்த அலை அதே இடத்தில் இன்னொரு கோடு போட்டுவிட்டுப் போகும். பாட்டாவின் பேத்தி ஒரு கைப்பிடிக் குருணையை எண்ணப் பார்த்தாள்; ஆயிரத்தைத் தாண்டியதும் விட்டுவிட்டாள்.

நோட்டில் அந்த மாதம் ‘குருணை, பதினொரு சாக்கு, தார்ப்பாய் உறை போட்டது’ என்று இருக்கிறது. ஏழாவது பத்தி அன்றுதான் சண்டையே இல்லாமல் நிரம்பியது: கப்பலின் பெயர், தேதி, மூழ்கிய இடம் எல்லாம் தெரியும். கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. கப்பலுக்கு முதலாளி உண்டு, காப்பீடு உண்டு, பிடித்து நிறுத்த ஒரு நீதிமன்றம் உண்டு. அந்த மாதம் எங்களுக்கெல்லாம் கோபப்படுவது மிகவும் சுலபமாக இருந்தது. நவம்பரில் செம்மண்ணோடு வரும் கோழிக்கடைப் பைக்கு எந்தக் கோர்ட்டில் போய் வழக்குப் போடுவது என்று அஞ்சல்காரர் கேட்டார். குருணை அள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் அது பொருந்தாத கேள்வியாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்தபின் விடவில்லை.

அந்த ஜூலையில் குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சிக்குப் பாட்டா பேத்தியோடு வந்தார். ஆடி அமாவாசைக்கு ஆற்றில் பலிதர்ப்பணம் கொடுப்பவர்கள் ஒருபுறம், இராட்டினமும் மரக்கன்றும் பலகாரமும் பார்க்க வருபவர்கள் ஒருபுறம் என்று ஊர் நிறைந்திருக்கும் நாட்கள் அவை. கடப்புறத்துச் சனமும் வருடந்தோறும் பொருட்காட்சிக்கு வரும். பேத்தியை இராட்டினத்தில் ஏற்றிவிட்டு, அவர் என்னோடு சப்பாத்து என்று நாங்கள் சொல்லும் ஆற்றுத் தரைப்பாலத்தின் பக்கம் நடந்து வந்தார். முந்தின வெள்ளம் நின்ற உயரத்துக்கு, எங்கள் தலைக்கு மேலே, கரையோரக் கைதைச் செடிகளிலும் மூங்கிலிலும் பைகள் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தன. சப்பாத்தின் கண்களில் ஒரு மெத்தை, தெர்மோகோல் பெட்டி, பாட்டில்கள். பாட்டா ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கி, மூங்கிலில் சுற்றியிருந்த ஒரு பையைக் கிள்ளி எடுத்து, தூரத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“இந்தக் கடை ஐப்பசியில அங்க வரும்” என்றார். கடையே கிளம்பி வரும் என்பது போல. பிறகு, “இங்க எடுத்தா ஈரமில்ல, உப்பில்ல. ஆக்கர்கடைக்காரன் எடுப்பான்ல?”

எடுப்பான். கேட்டுப் பார்த்தேன், விலையும் கூடுதல். கடலில் ஒரு சாக்கு நிரப்பும் நேரத்தில் ஆற்றில் மூன்று சாக்கு நிரப்பலாம் என்பதை ஆகஸ்டில் ஒரு முறை போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டோம். வண்டி ஏறும் பாதை சப்பாத்து வரை இருக்கிறது. பள்ளி மைதானத்துப் பக்கம் இருக்கும் படித்துறையில் மட்டும் கண்ணாடிச் சில்லு அதிகம்; செருப்போடு இறங்குவது நல்லது.

ஆகவே இந்த மாதத்திலிருந்து ஐப்பசி மழை தொடங்கும் வரை சனிக்கிழமைக் கூட்டம் கடற்கரையில் இல்லை, குழித்துறைச் சப்பாத்தில். மாலை நான்கு மணி. கடப்புறத்திலிருந்து பன்னிரண்டு பேர் வேன் பிடித்து வருகிறார்கள். வேன் வாடகையில் பாதி எங்களுடையது. சாக்கும் கையுறையும் இருக்கின்றன. வெட்டோத்தி இரண்டுதான் இருக்கிறது, வீட்டில் இருப்பவர்கள் கொண்டுவரவும். மூங்கிலில் எட்டாத உயரத்துக்கு, கொக்கி வைத்த நீளக் கழியான தோட்டி ஒன்றும் வேண்டும்.